1,700 கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய கார்: வாங்கலாமா, விடலாமா?

ராஜா அண்ணாமலைபுரத்தில் டூ பெட்ரூம் ஃப்ளாட். வேலை ஓஎம்ஆரிலோ நுங்கம்பாக்கத்திலோ. இன்க்ரிமென்ட் வந்திருக்கிறது, போனஸும் கையில் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருகிறது. கொல்கத்தாவில் ஒரு வீட்டு வாசலில் க்ரீம் கலர் அம்பாசிடர் மார்க் 4. ‘சிங்கிள் ஓனர் சார், ஒரிஜினல் பெயின்ட். இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. நாளைக்குள்ள சொல்லிடுங்க.’

நாளைக்குள் சொல்லாதீர்கள்.

தூரத்திலிருந்து வாங்கும்போது காரை நீங்கள் பார்க்கப்போவதில்லை. விற்பவர் காட்டுவதைத்தான் பார்க்கப்போகிறீர்கள். எதிரில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும், உங்களுக்குப் பாதிதான் தெரியும். அப்படிப்பட்ட டீலில் கை சுடாமல் வெளியே வரும் திறமைக்குத்தான் உங்கள் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. வெண்டரைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கேட்கும் கேள்விகளில் பாதியைக்கூட, சொந்தக் காசில் கார் வாங்கும்போது கேட்பதில்லை. அதை இந்த முறை மாற்றுவோம்.

1. முதல் ஆடிட் உங்களுக்கு

கார் எப்படி இருக்கிறது என்று கேட்கும் முன்னால் உங்கள் கரியர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த ஒன்றரை வருடத்தில் வேலை மாறப்போகிறீர்களா? பெங்களூருவுக்கோ துபாய்க்கோ போகும் வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் இப்போது வேண்டாம். ஓடாமல் நிற்கும் பழைய கார் ஓடும் காரைவிட வேகமாகக் கெடும். பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், டேங்கில் துரு இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று வண்டி விலை. இரண்டாவது டிரான்ஸ்போர்ட், டாக்குமென்ட், வரி. மூன்றாவது முதல் வருட ரிப்பேர். மூன்றாவதுக்கு வண்டி விலையில் பாதியாவது தனியாக வையுங்கள் என்பது என் கணக்கு. இந்த மூன்றும் போக ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். பர்சனல் லோன் எடுத்து கிளாசிக் கார் வாங்குகிறவர், நாளைக்கு மேனேஜரிடம் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் இஎம்ஐக்குப் பயந்து தலையாட்டுவார். கரியரில் அது பெரிய விலை.

அடுத்தது பார்க்கிங். ‘அபார்ட்மென்ட்ல இடம் இருக்கு’ என்றால் போதாது. 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஸ்டில்ட் பார்க்கிங்கில் கார்கள் மிதந்ததையும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நவம்பர், டிசம்பரில் வண்டி எங்கே நிற்கும்? மேட்டில், கூரைக்கு அடியில் ஒரு இடம் உறுதியாகாத வரை விலை பேசாதீர்கள்.

ஒரு கனவையும் இப்போதே கைவிடுங்கள். இந்தக் கார் ஆபீஸ் போய்வர உதவாது. மெட்ரோ வேலை நடக்கும் ஆர்.கே. மடம் சாலையிலும் கிரீன்வேஸ் சாலையிலும் ஊர்ந்து, மே மாத வெயிலில் ஓஎம்ஆர் சிக்னல்களில் நின்று நின்று போனால் பழைய கார்புரேட்டர் இன்ஜின் ஹீட் ஆகும். இன்டர்வியூவுக்கோ கிளையன்ட் மீட்டிங்குக்கோ அதில் போவது அதைவிட மோசம். வேர்த்து வழிந்து இருபது நிமிடம் லேட்டாகப் போய் நின்றால், என்ன கார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

2. காதலைவிட ஸ்பேர் பார்ட்ஸ் முக்கியம்

எந்த மாடல் என்பதை ஆசை முடிவு செய்யலாம். ஆனால் அந்த ஆசைக்கு ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைகளில் பதில் கிடைக்க வேண்டும்.

அம்பாசிடர் 2014 மே மாதம் வரை உத்தர்பாரா ஃபேக்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. டாக்ஸியாகவும் அரசு வண்டியாகவும் பல வருடம் ஓடியதால் பார்ட்ஸ் தெரிந்தவர்கள், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். முதல் கிளாசிக் காருக்கு என் சாய்ஸ் இதுதான். குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி இரண்டாவது. கான்டெஸா பார்க்கக் கம்பீரமாக இருக்கும். 2002இல் உற்பத்தி நின்றது. இசுஸு இன்ஜின் வண்டிக்கு மெக்கானிக்கல் பார்ட்ஸ் தேடிப் பிடிக்கலாம். கண்ணாடி, பீடிங், டாஷ்போர்டு என்று வந்தால் மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நம் ஊர்க் கார். 1961லிருந்து வண்டலூர் ஃபேக்டரியில் தயாரானது. ஆர்.ஏ.புரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில் பிறந்த காரை இன்று வேறு மாநிலத்திலிருந்து வரவழைக்கிறார்கள். ஆசைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டாவது காராக வாங்குங்கள். தனி சேசிஸ் மேல் பாடி உட்காரும் அமைப்பு. அந்த சேசிஸின் கைகள் அரித்திருந்தால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

மாடலை முடிவு செய்ததும் ஒரு வேலை. உங்கள் ஏரியாவில் அந்த வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் யார் என்று கண்டுபிடியுங்கள். அவர் பெயரும் நம்பரும் உங்கள் போனில் ஏறிய பிறகுதான் கார் தேடுவதே.

3. பேப்பர்தான் முதல் ரவுண்ட்

பளபளக்கும் பெயின்ட்டைப் பார்க்கும் முன் ஆர்சியைப் பாருங்கள். இதில் ஃபெயிலானால் அடுத்த ரவுண்டே கிடையாது. அனுபவமில்லாத வாங்குபவர்கள் விழுவது இங்கேதான். டீலர்கள் விழுவதில்லை. உங்கள் போட்டியாளர்கள் அவர்கள்தான் என்பதால், அவர்கள் பார்ப்பதையெல்லாம் நீங்களும் பார்க்க வேண்டும்.

விற்பவர் பெயரும் ஆர்சியில் உள்ள பெயரும் ஒன்றுதானா? ‘தாத்தா பேர்ல இருக்கு, ஒண்ணும் பிரச்னை இல்ல’ என்பார்கள். தாத்தா இறந்திருந்தால் முதலில் ஃபார்ம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்றம் நடக்க வேண்டும். நான்கு வாரிசுகள் இருந்தால் நான்கு பேரின் சம்மதம். அதை விற்பவர் முடித்துவிட்டு வரட்டும். நீங்கள் காத்திருக்கலாம்.

ஆர்சி உயிரோடு இருக்கிறதா? தனியார் காருக்கு முதல் 15 வருடம், அதன் பிறகு ஐந்தைந்து வருடம் ரினியூவல். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு ரினியூவல் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக ஏற்றினார்கள். இறக்குமதிக் கார் என்றால் 80,000. கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் வாங்கும் வாரத்தில் பரிவாஹன் தளத்தில் ஒரு தடவை சரிபாருங்கள். காலாவதியான ஆர்சி என்றால் அந்த ஊரிலேயே ரினியூவலை முடித்துத் தரச் சொல்லுங்கள். ‘சென்னைல போய்ப் பாத்துக்கலாம்’ என்றால் ‘நன்றி சார்’ சொல்லிவிட்டு போனை வையுங்கள்.

எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பழைய புத்தக ஆர்சி பல இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. அதற்கு அந்த ஆர்டிஓவில் பேக்லாக் என்ட்ரி போட வேண்டும். அது இல்லாமல், வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான என்ஓசி நகராது. ஆன்லைனில் எதுவும் வரவில்லை என்பதாலேயே திருட்டு வண்டி என்று அர்த்தமில்லை. வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அந்த வேலை விற்பவருடையது.

வேறு மாநில வண்டி என்றால் ஃபார்ம் 28இல் என்ஓசி வேண்டும். வண்டியின் மேல் லோன் பதிவு இருந்திருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், ஃபார்ம் 35 கொடுத்து அதை நீக்கியிருக்க வேண்டும். லோன் கொடுத்த கம்பெனியே மூடிப்போயிருந்தால் இந்த ஒரு காகிதத்துக்காக டீல் மாதக்கணக்கில் தொங்கும். பாக்கி சலான் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

டாக்ஸியாக ஓடியதா? இதைத் தனியாகக் கேளுங்கள். மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவாகி, 20 வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ரோட்டை விட்டு இறங்கியது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து பத்மினி மேல் பலருக்கு ஆசை பிறந்துவிட்டது. ஆசை வந்தால் விலையும் வரும், கதையும் வரும். கூரையில் கேரியர் போல்ட் ஓட்டை, மீட்டர் இருந்த அடையாளம், பூட்டில் சிஎன்ஜி சிலிண்டர் நின்ற தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிஎன்ஜி கிட்டைக் கழற்றிவிட்டு ஆர்சியில் எரிபொருளை மாற்றாமல் விட்டிருந்தால், அந்தத் தலைவலி உங்களுக்குத்தான் வரும்.

டெல்லி வண்டியா? அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் தடை என்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகும் உத்தரவுகள் மாறிக்கொண்டிருக்கின்றன. விலை மலிவாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். என்ஓசி கையில் வரும் வரை அந்த மலிவை நம்ப வேண்டாம்.

50 வருடம் தாண்டிய கார் என்றால் இன்னொரு வழி உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, பெரிய மாற்றம் செய்யப்படாத ஒரிஜினல் வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். ‘விஏ’ எழுத்துகளுடன் தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எல்லா ஹெரால்டுகளும் இப்போது இந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆனால் இந்தப் பதிவு உள்ள வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல், சர்வீஸ் போன்ற காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு மகாபலிபுரம் போக ஆசை என்றால் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறையப் பேர் யோசிக்காத ஒரு ஷார்ட்கட். பெங்களூருவிலோ கொச்சியிலோ இருந்தாலும் பழைய தமிழ்நாட்டு நம்பரோடு நிற்கும் கார்களைத் தேடுங்கள். ஓனர் வேலை மாறிப் போனபோது கூடப் போன வண்டிகள் அவை. ஆர்சி உயிரோடு இருந்தால் வேறு மாநில என்ஓசி, மறுபதிவு, இங்கே புது வரி எல்லாமே மிச்சம். பழைய நம்பரும் கூடவே வரும்.

4. ஆளைப் படியுங்கள்

போனில் பேசும்போது அதிகம் பேச வேண்டியது அவர். நீங்கள் கேளுங்கள். ‘ஏன் விக்கறீங்க? கடைசியா எப்ப ஹைவேல போனீங்க? இன்ஜின் எப்ப இறக்கினீங்க, யார் செஞ்சாங்க? ஓட்டும்போது உங்களுக்கு எது எரிச்சல்?’ கடைசிக் கேள்வி முக்கியம். காரை நேசித்து வைத்திருந்தவர் உடனே ரெண்டு மூன்று குறை சொல்வார். ‘ஒண்ணுமே இல்ல சார், எடுத்து ஓட்ட வேண்டியதுதான்’ என்பவரிடம் கூடுதல் கவனம் தேவை.

ஒரே கேள்வியை மூன்று நாள் கழித்து வேறு மாதிரி கேளுங்கள். பதில் மாறுகிறதா பாருங்கள். பேசியதையெல்லாம் அன்றைக்கே சுருக்கி மெசேஜாக அனுப்பி, ‘நான் புரிஞ்சுகிட்டது சரியா சார்?’ என்று கேளுங்கள். மீட்டிங் முடிந்ததும் மினிட்ஸ் அனுப்பும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இதுவும் வந்துவிடும்.

‘மிலிட்டரில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அட்வான்ஸ் போட்டா வண்டி ஆர்மி டிரக்ல வரும்’ என்று யாராவது சொன்னால் அது பழகிப்போன மோசடி. பணம் வாங்க கியூஆர் கோட் ஸ்கேன் செய்யச் சொல்வதும் அப்படியே. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அடியுங்கள். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

5. உங்கள் நெட்வொர்க்கை இப்போது பயன்படுத்துங்கள்

அந்த ஊரில் உங்களுக்காக ஒருவர் காரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இது இல்லாமல் முடிவெடுப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கொல்கத்தா பிராஞ்ச் சகா, காலேஜ் சீனியர், லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் சித்தப்பாவின் நண்பர், மாதுங்காவில் இருக்கும் மாமா என யோசித்தால் யாராவது அகப்படுவார்கள். அவர் கார் எக்ஸ்பர்ட்டாக இருக்கத் தேவையில்லை. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் போதும். இன்று அவரிடம் உதவி கேட்டால் நாளை அவர் மகனின் இன்டர்ன்ஷிப்புக்கு நீங்கள் உதவுவீர்கள். நெட்வொர்க் அப்படித்தான் வளரும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெக்கானிக் விற்பவர் காட்டிய ஆளாக இருக்கக்கூடாது. டீல் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அவர் கூலி அவருக்குப் போக வேண்டும். கமிஷன் என்று பேசினால் அவர் வாயில் நல்ல வார்த்தை மட்டும்தான் வரும். அவரிடம் கடைசியாகக் கேளுங்கள்: ‘அண்ணே, நீங்களா இருந்தா எவ்வளவுக்கு வாங்குவீங்க?’ அவர் தயங்கும் அந்த ரெண்டு நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லைவ் வீடியோ காலில் நீங்களும் கூட இருங்கள். முதல் காரியமாக பானெட்டின் மேல் கை வைக்கச் சொல்லுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வேண்டாம், காலையில் வேறொரு நாள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது சைலென்சரைக் காட்டச் சொல்லுங்கள். நீலப் புகை வந்து நிற்காமல் தொடர்ந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடிக்கிறதா? ஓவர்ஹால் செலவைக் கணக்கில் சேருங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால் நான்கு சிலிண்டரின் ரீடிங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும் இன்ஜின் எனக்குப் பெரிய பயமில்லை. இன்ஜினை இறக்கி ஏற்றலாம். பயப்பட வேண்டியது துருவுக்கு. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனி சேசிஸ் கிடையாது. பாடிதான் எலும்பு. தரை, கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜாக்கி வைக்கும் இடம், ஸ்ப்ரிங் பிடித்திருக்கும் இடம் எல்லாம் அரித்திருந்தால் மேலே அடித்த பெயின்ட்டுக்கு மதிப்பே இல்லை. கார்பெட்டைத் தூக்கி டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். பூட்டில் ஸ்டெப்னியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியிலும் வீல் ஆர்ச்சிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. தரையில் புது தார் பெயின்ட் கறுப்பாக மின்னினால் ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகக் குத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி மறுப்பதே ஒரு பதில்.

ஊரும் முக்கியம். மும்பை, கொல்கத்தா, கொச்சி வண்டிகளில் ஈரமும் உப்பும் வேலை செய்திருக்கும். கோயம்புத்தூர், ஹைதராபாத், ராஜஸ்தான் பக்கத்து வண்டிகளில் ரப்பர் வெடித்திருக்கும், சீட் வெளுத்திருக்கும், தகரம் நன்றாக இருக்கும். ஒரே விலைக்கு இரண்டு இருந்தால் நான் காய்ந்த ஊர் வண்டியைத்தான் எடுப்பேன். கடல் பக்கத்திலேயே இருக்கும் ஆர்.ஏ.புரத்துக்கு வந்த பிறகு துரு எப்படியும் தன் வேலையை ஆரம்பிக்கும்.

நல்ல வண்டி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்குங்கள். வடபழனி ஏவிஎம் ஹெரிடேஜ் மியூசியத்தில் ஒரு மதியம். கோவை போனால் அவினாசி சாலை ஜிடி கார் மியூசியம். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் கார்களைக் காட்சிக்கு வைக்கும் நாட்களில் போய் ஓனர்களிடம் பேச்சுக் கொடுங்கள். பார்ட்ஸ் எங்கே கிடைக்கும், எந்த டிங்கர் நேர்மையானவர் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இந்த வட்டத்தில் தொழிலதிபர்களும் டாக்டர்களும் உண்டு. பழக்கம் பிறகு வேறு விதத்திலும் உதவும். முதல் நாளே விசிட்டிங் கார்டை நீட்டாதீர்கள்.

6. விலை

மெக்கானிக் சொன்ன குறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் சென்னை மெக்கானிக்கிடம் எஸ்டிமேட் வாங்குங்கள். அந்தப் பட்டியலை அப்படியே விற்பவருக்கு அனுப்புங்கள். காரைத் திட்டாதீர்கள். அவர் அப்பா ஓட்டிய காராக இருக்கலாம். எண்ணைச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். மௌனத்தை முதலில் உடைப்பவர் விலையையும் இறக்குவார். ‘வேற பார்ட்டி வந்தாச்சு’ என்றால், ‘சரி சார், அது முடியலைன்னா சொல்லுங்க’ என்று விட்டுவிடுங்கள்.

‘சினிமாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விட்டா போட்ட காசு ரெண்டு வருஷத்துல வந்துடும்’ என்று ஆசை காட்டுவார்கள். பிரைவேட் பதிவில் உள்ள காரைப் பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரிக்கும். அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்த்து விலையை ஏற்றிக்கொடுக்காதீர்கள்.

டோக்கன் அட்வான்ஸ் சிறிய தொகையாக, ஆர்சியில் உள்ள பெயரிலிருக்கும் பேங்க் அக்கவுன்டுக்கு மட்டும். என்ஓசி வராவிட்டால் திருப்பித்தர வேண்டும் என்று எழுத்தில். மீதிப் பணம், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து விழுந்து, என்ஓசி உங்கள் ஆள் கைக்கு வந்த பிறகு.

7. ஓட்டிக்கொண்டு வராதீர்கள்

கொல்கத்தாவிலிருந்து ஹைவேயில் ஓட்டி வருவது நல்ல ரீல்ஸ் ஆகும். தெரியாத பிரேக், தெரியாத டயர், தெரியாத ரேடியேட்டரை நம்பி ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் வர வேண்டாம். கார் கேரியரில் ஏற்றுங்கள். டிரான்சிட் இன்ஷூரன்ஸ் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஏற்றும் முன் எல்லாப் பக்கமும் வீடியோ, இறக்கும் முன் இன்னொரு வீடியோ. டிரைவரின் நம்பரை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய கேரியர் ஆர்.ஏ.புரம் தெருக்களுக்குள் திரும்பாது. ஊருக்கு வெளியே இறக்கி ஃப்ளாட்பெட்டில் வீட்டுக்குக் கொண்டுவரும் செலவையும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

வந்ததும் நேராக மெக்கானிக்கிடம். இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட் எல்லாம் புதிது. பெட்ரோல் ஹோஸ்கள், கார்புரேட்டர் ரப்பர்கள் கட்டாயம் புதிது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது இளக்கிவிடும். கசிந்தால் சூடான இன்ஜின் மேல்தான் சொட்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருடத்தின் 23வது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பழைய டயரை மாற்றுங்கள்.

இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் அவகாசம். ஐந்து வருடம் தாண்டிய காருக்கு ஐடிவி, அதாவது இன்ஷூரன்ஸுக்கான வண்டி மதிப்பு, பேசி முடிவு செய்வதுதான். போட்டோவையும் பில்களையும் காட்டி நியாயமான தொகையைக் கேளுங்கள். அப்புறம் மந்தைவெளி ஆர்டிஓ, டிஎன் 06. என்ஓசி, 29, 30, மறுபதிவுக்கு ஃபார்ம் 27, இன்ஷூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட், முகவரிச் சான்று எல்லாம் இரண்டு செட். வரியும் கிரீன் டாக்ஸும் எவ்வளவு என்று முதல் நாள் ஆன்லைனில் பார்த்து வையுங்கள். வண்டியை நேரில் காட்ட வேண்டும், சேசிஸ் பிரின்ட் எடுப்பார்கள். அந்த எண்ணின் மேல் பெயின்ட்டோ கிரீஸோ மூடியிருந்தால் முந்தின நாளே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எண் மங்கினால் திருத்தியதாகச் சந்தேகம் வரும். லீவை அரை நாளாகப் போடாமல் முழு நாளாகப் போடுங்கள்.